நைட்டி செக்ஷனில் அக்கா, குடோனில் தம்பி: கடையில் வேலை எப்படிப் பிரிகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அக்காவும் தம்பியும் ஒரே தீபாவளி சீசனில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இரண்டு பேருமே பிளஸ் டூ. அக்காவை நைட்டி, உள்ளாடைப் பிரிவில் நிறுத்தினார்கள். தம்பியைக் கொஞ்ச நாள் குடோனில் வைத்திருந்துவிட்டு சட்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இப்போது தம்பி செக்ஷன் இன்சார்ஜ். அக்கா நின்ற இடத்திலேயே நிற்கிறார், சம்பளமும் இரண்டாயிரம் குறைவு. “ஆம்பளைக்கு இந்த வேலை, பொம்பளைக்கு இந்த வேலைன்னு முதலாளி பிரிக்கலாமா? சட்டத்துல இடம் இருக்கா?” என்று அந்த அக்காவே கேட்கிறார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் கடைகளுக்கு ஆள் எடுக்கிற வேலை பார்த்தவன் நான். இப்போது சில கடைகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு எழுதுகிறேன். முதலாளிகள் சொல்லும் காரணங்களை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அதில் எது நிஜம், எது சாக்கு என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

நேரடியான பதில் முதலில். ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ, பெண் என்பதால் சம்பளம் குறைத்தால் அது சட்டவிரோதம், இதில் இரண்டு பேச்சு இல்லை. யாரை எந்த செக்ஷனில் நிறுத்துவது என்பது வேறு கதை. ஆளை மாற்றி மாற்றிப் போடும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது, மற்றதெல்லாம் அந்த உரிமைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறது. உங்களை நைட்டி செக்ஷனில் போட்டதை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் ஜெயிப்பது கஷ்டம். அந்த செக்ஷனில் இருந்து மேலே போக வழியே இல்லாமல் வைத்திருப்பதைப் பிடித்தால் பேச இடம் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், எங்கே பார்த்தாலும் பெரிய கடையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஜவுளியில் சுடிதார், நைட்டி, குழந்தைகள் துணி, மேட்சிங் பிளவுஸ் எல்லாம் பெண்கள். பட்டு, வேட்டி சட்டை, சூட்டிங் ஆண்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவதும், பருப்பு, சீரகம் பேக்கிங் செய்வதும் பெண்கள். குடோன், காய்கறி, டோர் டெலிவரி ஆண்கள். நகைக்கடையில் வாசலில் வரவேற்பதற்கும் வெள்ளிக் கொலுசு கவுண்டருக்கும் பெண்கள், ஆரம் நெக்லஸ் பக்கம் போனால் அண்ணன்கள். எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. புதிதாக ஒரு பெண் வந்தால் மேனேஜர் யோசிக்காமலேயே கை நீட்டிக் காட்டுகிற இடம் அது.

கேட்டால் முதலில் சொல்வது பலம். “மூட்டை தூக்கணும் சார்.” உண்மைதான், சர்க்கரை மூட்டை 50 கிலோ. ஆனால் அதை ஆணும் தனியாகத் தூக்கக் கூடாது. முதுகு பிடித்துக்கொண்டு முப்பது வயதிலேயே பெல்ட் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிற குடோன் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தள்ளுவண்டி ஒன்று வாங்கிப் போட்டால் தீர்கிற விஷயத்துக்கு ஆண் உடம்பைச் செலவழிக்கிறோம். அதுவும் போக, பேக்கிங் பெண்கள் நாள் முழுக்க அந்த மூட்டைகளைத்தான் இழுத்துச் சாய்த்து அளக்கிறார்கள். அது யார் கணக்கிலும் பாரமாக ஏறுவதில்லை. ஜவுளிக்கடை குடோனில் பாதி வேலை பெட்டியைப் பிரித்து, டேக் அடித்து, ரிஜிஸ்டரில் எழுதுவது. இதற்கு மீசை தேவையில்லை.

இரண்டாவது காரணம் வாடிக்கையாளர் கூச்சம். உள்ளாடைப் பிரிவில் பெண் நிற்பதை நானும் சரி என்றே சொல்வேன். அளவு கேட்கவே தயங்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அங்கே ஓர் அக்கா இருப்பதுதான் நல்லது. ஆனால் இந்தக் கூச்சம் கடைக்குள் எப்படிப் பாரபட்சமாக வேலை செய்கிறது என்பதைப் பட்டுப் பிரிவில் போய்ப் பாருங்கள். கல்யாண ஜவுளி எடுக்கக் குடும்பமே பாயில் உட்கார்ந்திருக்கும். சேல்ஸ்மேன் அண்ணன் புடவையை உதறிப் பிரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை விரலால் நாலு மடிப்பு மடித்து, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். கல்யாணப் பெண், அவள் அம்மா, மாமியார் என்று எல்லோரும் அவர் மேல்தான் புடவையைப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. அதே கடையில் ஒரு பெண் சட்டைப் பிரிவில் நின்று, “சாருக்கு நாற்பது சைஸ் சரியா இருக்கும்” என்று சொன்னால் மட்டும் நன்றாக இருக்காதாம். எந்தப் பிரிவில் ஒரு பில்லுக்குப் பெரிய தொகை விழுகிறதோ, எங்கே இன்சென்டிவ் இருக்கிறதோ, அங்கே கூச்சம் தானாகக் காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, “கல்யாணம் ஆனா நின்னுடுவாங்க.” நிற்கிறார்கள்தான். பையன்களும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் போகிறார்கள். அதை யாரும் ஆண்களின் குணம் என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் விடக் கனமான காரணம் நேரம். கடை காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு ஒன்பதரை, பத்துக்குச் சாத்தும். பெண்களை ஏழரை, எட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காவேரிப்பட்டணம், மத்தூர் பக்கமோ, தர்மபுரியில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமோ போகிறவர்களுக்கு அதற்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது. 2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கடை வேலைக்கு வருகிறவர்கள் கையில் மாதம் சில நூறு நிற்கிறது. ஆனால் அந்த பஸ்ஸின் நேரம்தான் வேலை நேரத்தையும் தீர்மானிக்கிறது. இதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அக்கறையாகவே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பெண்கள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ஷட்டர் பாதி இறங்கும். கல்லா எண்ணுவார்கள். செக்ஷன் வாரியாக ஸ்டாக் டேலி, அதாவது இருக்கிற சரக்கும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எது ஓடுகிறது, எது தூங்குகிறது, எந்தச் சப்ளையருக்குச் சரக்கைத் திருப்பி அனுப்புவது, நாளைக்குக் குடோனில் இருந்து என்ன இறக்குவது என்று பேச்சு போகும். முதலாளியோ அவர் மகனோ அப்போதுதான் நிதானமாக உட்காருவார். டீ வரும். யாருக்குக் கணக்கு வருகிறது, யாரை நம்பிச் சாவி கொடுக்கலாம் என்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் முதலாளி மனதில் பதிகிறது. ஆறு மாதம் கழித்து இன்சார்ஜ் யார் என்று கேட்டால், அவர் நினைவுக்கு வரும் முகங்கள் எல்லாம் அந்த டீ குடித்த முகங்கள். உங்கள் தம்பி குடோனில் இருந்த நாட்களில் கற்றுக்கொண்டதும் அதுதான்: எந்தப் பொருள் எங்கே இருந்து, என்ன விலைக்கு, எத்தனை வருகிறது என்பது. நைட்டி ரேக்கின் முன்னால் நின்றால் விற்பனை விலை மட்டும்தான் தெரியும், கொள்முதல் விலை தெரியாது. கொள்முதல் விலை தெரியாதவரை யாரும் இன்சார்ஜ் ஆக்க மாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈரோட்டுக்கு நைட்டி எடுக்கப் போகிறவரும் ஆண்தான். அங்கே கடையில் நின்றுகொண்டு செக்ஷன் பெண்ணுக்குப் போன் போட்டு, “ஏம்மா, டபுள் எக்ஸெல் எத்தனை போடலாம், இந்தச் சுங்கடி மாதிரி டிசைன் போன தடவை போச்சா?” என்று கேட்பார். அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு ஆர்டர் போடுவார். திரும்பி வந்தால் பர்சேஸ் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு. நம் பக்கத்திலேயே பர்கூர் இருக்கிறது, குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய மொத்த ஜவுளிச் சந்தை. காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். அதற்குக்கூட செக்ஷன் பெண்ணை அழைத்துப் போகிற கடையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

“இரவு நேரம் பெண்களுக்கு ஒத்துவராது” என்று சொல்கிறவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடக்கும் என்று 2021-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. கம்பெனி பஸ் கிராமத்துக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது, ஷிப்ட் முடிந்ததும் கொண்டு வந்து விடுகிறது. கிராமத்தில் அதே அப்பா, அதே அம்மாதான். பஸ் வாசலுக்கு வந்ததும் அவர்கள் ஆட்சேபணை பெருமளவு குறைந்துவிட்டது. ஸ்கூட்டர் பூட்டத் தெரிந்த பெண்கள் இருக்கிற மாவட்டத்தில், சட்டை அட்டைப் பெட்டி பிரிக்கப் பெண்ணுக்கு வராது என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் லக்கி ஸ்டோர்ஸ் என்ற மளிகைக் கடைத் தொடர் இருந்தது. பெண்களை பேக்கரியிலும் சமைத்த உணவுக் கவுண்டரிலும் பொதுச் சாமான் பிரிவிலும் போட்டார்கள், ஆண்களைக் காய்கறியிலும் இரவில் சரக்கு அடுக்கும் குழுவிலும் போட்டார்கள். மேனேஜர் பதவிக்கு ஏறுகிறவர்கள் இந்த இரண்டாவது வழியாகத்தான் ஏறினார்கள். 1992-ல் நீதிமன்றம் இது பாகுபாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. பெண்களைப் பற்றித் தங்களுக்குள் இருக்கும் முன்முடிவுகளை மேலாளர்கள் ஒரு பயிற்சி வகுப்பில் பட்டியல் போட்டிருந்தார்கள், அந்தக் குறிப்புகளே வழக்கில் சாட்சியமாகப் போய்ச் சேர்ந்தன.

அதற்கு முன்பே அங்கே சியர்ஸ் என்ற பெரிய கடைத் தொடர் மீது அரசுத் தரப்பு ஒரு வழக்குப் போட்டது. ஃப்ரிட்ஜ், டயர் மாதிரி கமிஷன் கிடைக்கும் பொருட்களை விற்கப் பெண்களை எடுப்பதில்லை என்பது புகார். பெண்களுக்கே அந்த வேலையில் ஆர்வம் குறைவு என்று கடை வாதாடியது. இரண்டு பெண் வரலாற்றாசிரியர்கள் எதிரெதிர் பக்கம் நின்று சாட்சி சொன்னார்கள். 1986-ல் கடை ஜெயித்தது, 1988-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. காரணங்களில் ஒன்று, “நான் கேட்டேன், எனக்குக் கொடுக்கவில்லை” என்று சொல்ல ஒரு பெண்ணைக்கூட அரசுத் தரப்பு கூண்டில் ஏற்றவில்லை. புள்ளிவிவரம் மட்டும் கொண்டு போனார்கள். உங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது நம் சட்டம். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சம்பளத்தோடு ஆள் எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்றது. பிறகு பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். அது இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறினாலும் அளவுகோல் கிட்டத்தட்ட அதேதான்: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கும் ஒத்திருந்தால் அது ஒரே தன்மையுள்ள வேலை. நைட்டி விற்பதும் சட்டை விற்பதும் இந்த அளவுகோலில் எப்படி வேறு வேலை ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். கடைகளுக்கான குறைந்தபட்சக் கூலி அறிவிப்பிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது.

உச்ச நீதிமன்றம் 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி – ஆட்ரி டி'கோஸ்டா வழக்கில் சொன்னது உங்கள் நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அந்த நிறுவனம் பெண் ஸ்டெனோக்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்தது. அவர்கள் அதிகாரிகளோடு இணைந்த தனிப் பிரிவு, வேலையே வேறு என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சின்னச் சின்ன வித்தியாசத்தைக் காட்டி வேலை வேறு என்று சொல்ல முடியாது, சமமாகக் கொடுக்க வசதியில்லை என்பதும் காரணமாகாது என்றது. “அது வேற செக்ஷன்மா” என்று உங்கள் மேனேஜர் சொல்வதும் அதே வாதம்தான்.

பிரிட்டனில் ஆஸ்டா சூப்பர் மார்க்கெட் வழக்கிலும் இதே பிரச்சினை. கடைத் தளத்தில் பெரும்பாலும் பெண்கள், கிடங்கில் பெரும்பாலும் ஆண்கள், கிடங்குக்குச் சம்பளம் அதிகம். கடைப் பெண்கள் தங்களைக் கிடங்கு ஆட்களோடு ஒப்பிட்டுக் கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-ல் அனுமதித்தது. இரண்டு வேலையும் சம மதிப்பா என்பது அதற்குப் பிறகான கட்டம். குடோனையும் கவுண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதே பெரிய நகர்வு.

இரவு நேரத்தைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் எல்லா நாளும், 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டு, 2022-ல் நீட்டித்தது. அதில் உள்ள நிபந்தனை: சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கக் கூடாது, அவர்களே எழுத்தில் சம்மதித்தால், பாதுகாப்போடு வேலை தரலாம். ஷிப்டில் வரும் பெண்களுக்கு வாகன வசதி செய்து, அதை வாசலில் அறிவிப்பாக ஒட்டவும் வேண்டும். கடைகள் இதில் முதல் பாதியை மட்டும் படித்து வைத்திருக்கின்றன. சம்மதமும் வாகனமும் இருந்தால் வழி திறந்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் வேலை வாய்ப்பையே அடைக்கக் கூடாது என்பது 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளின் இரவு ஷிப்ட் வழக்கில் சொன்னது. 2007-ல் மதுபானம் பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப் பிரிவு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோதும் அடிப்படை இதுதான்.

உட்காரும் உரிமை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கழிப்பறையும் உட்கார இடமும் கேட்டு விற்பனைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தால் கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத் தகுந்த இருக்கை எல்லாப் பணியாளருக்கும் வைக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். நான் பார்த்த ஒரு கடையில் ஸ்டூல் வாங்கியிருந்தார்கள். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மாடிப்படிக்குக் கீழே இருந்தன, மேலே அட்டைப் பெட்டிகள். பெண்கள் ரேக்கில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரம் போட்டு நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு கண் கேமராவின் மேல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் வேலையையும் தம்பி இன்சார்ஜ் ஆவதற்கு முன் பார்த்த வேலையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விற்பனை, ரேக் அடுக்குவது, டேக் சரிபார்ப்பது, பழைய ஸ்டாக் எண்ணுவது, புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம். பர்சேஸ்காரர் போனில் கேட்டு நீங்கள் பதில் சொன்னதையும் எழுதுங்கள், அது பொறுப்பு என்ற கணக்கில் வரும். கிருஷ்ணகிரி கடை என்பதால் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசி விற்றீர்கள் என்றால் அது திறமை. சம்பளச் சீட்டு கொடுப்பதில்லை என்றால் வங்கியில் விழும் தொகையே போதும். இன்சார்ஜ் ஆன பிறகு தம்பிக்குக் கூடிய தொகையைக் கேட்காதீர்கள், அது வேறு பொறுப்பு. அதற்கு முன்பே வித்தியாசம் இருந்ததா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் உங்கள் பிடி.

சியர்ஸ் வழக்கின் பாடம் இங்கே வருகிறது. வாயால் கேட்டது நிற்காது. மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலாவது மரியாதையாக எழுதிக் கேளுங்கள்: “சார், எனக்கும் ஸ்டாக் வேலை, இன்சார்ஜ் வேலை கத்துக்க ஆசை, வாய்ப்புக் கொடுங்க.” ஆர்வம் இல்லை என்ற பேச்சு அத்தோடு அடங்கும். நல்ல முதலாளி என்றால் அதுவே போதும். ஆட்களுக்கு இப்போது தட்டுப்பாடு, கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள் என்ற பயம் கடைக்காரர்களுக்கு இருக்கிறது.

பேசிப் பலன் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் சம்பள வித்தியாசத்தை எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் அங்கேதான் வந்து சேரும். தனியாகப் போகாதீர்கள், அதே செக்ஷனில் மூன்று நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் தாளில் இருக்கும் பாதுகாப்பு வேறு, மறுநாள் கடை வாசலில் நடப்பது வேறு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியும் அதே கடையில் இருப்பதால் அவரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள், அவர் வேலைக்கும் நெருக்கடி வரலாம்.

நானாக இருந்தால் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, கடை சாத்தும் நேரத்தை. வாரத்தில் இரண்டு நாள் ஸ்டாக் டேலிக்கு இருக்கிறேன், என்னோடு இன்னொரு பெண்ணும் இருப்பார், டோர் டெலிவரி வேனில் வீட்டில் இறக்கிவிடட்டும் என்று கேளுங்கள். வேன் எப்படியும் ராத்திரி சும்மாதான் நிற்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் காது கேட்காது.